வெண்டைச் செடியில் வெள்ளைத் தூள்

என்னங்க,

நைட் ஷிப்ட் முடிந்து வந்ததும் முதலில் இதைப் படியுங்கள். நான் ஷீபாவின் சம்மர் ஸ்கூலுக்குப் போகிறேன். ரூட் எய்ட்டீன் ஹைவேயில் தனியாகக் கார் ஓட்டுவது இதுதான் முதல் தடவை. உங்களுக்கு எத்தனை தடவை போன் செய்தும் எடுக்கவில்லை.

அவள் பஸ் போன பிறகு, இலையைத் தின்கிற ஜப்பான் வண்டுகளை உதிர்த்துப் போடச் சோப்புத் தண்ணீரோடு தோட்டத்துக்குப் போனேன். வெண்டைச் செடியெல்லாம் வெள்ளைத் தூள். பூச்சிமருந்து வேண்டாம், கையாலேயே பொறுக்கிவிடுகிறேன் என்று நேற்று அவ்வளவு சண்டை போட்டேனே. ஷிப்டுக்குக் கிளம்புகிற நேரத்தில் தூவிவிட்டீர்கள், இல்லையா?

இன்று அவளுக்குக் கணக்குப் பரீட்சை. பச்சை வெண்டைக்காய் தின்றால் கணக்கு வரும் என்று சொல்லிக்கொடுத்ததும் நீங்கள்தான். பஸ்ஸுக்கு ஓடும்போது எதையோ மென்றாள். "என்னடி வாயில?" என்று கேட்டேன். "இட்ஸ் ஃபார் மேத், அம்மா" என்றாள். நானும் சிரித்தேன்.

விஷத்துக்கு உதவி கேட்கிற நம்பருக்குப் போன் செய்தால், மருந்தின் பெயர் கேட்கிறார்கள். கராஜில் அதைப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொட்டி வைத்திருக்கிறீர்கள். பெயர் போட்ட டப்பாவைக் காணோம். ஸ்கூலுக்குப் போன் செய்து பெயரைச் சொல்லுங்கள். நம்பர் ஃபிரிட்ஜ் மேல் ஒட்டியிருக்கிறது.

பக்கத்து வீட்டு அல்போன்சா ஆன்ட்டி காய் பறிக்க வருவார்கள். தொடவிடாதீர்கள்.

கோபமெல்லாம் போய்விட்டது. பயம்தான்.

ஜெபா

மேஜைமேல் உங்களுக்கென்று ஷீபா ஒரு பிஞ்சு எடுத்து வைத்திருக்கிறாள். தின்றுவிடாதீர்கள். கழுவவே இல்லை. காம்போரம் தூள் அப்படியே இருக்கிறது.