முகாம் வாய்க்காலுக்கு ஒரு சிறுபாலம்

அக்கா,

இன்று காலை அங்கன்வாடி டீச்சர் வாக்காளர் பட்டியல் படிவங்களைக் கொடுத்துவிட்டுப் போனார். "பழைய லிஸ்ட்டுல ஒங்க பேரு எங்க இருக்குதுன்னு பாத்து எழுதி வைங்க, சாயந்தரம் வந்து வாங்கிக்கறேன்" என்றார். எங்கள் வீட்டில் நான்கு பேர், நான்கு படிவங்கள். பெயர் எழுதும் கட்டத்தில் பேனாவை வைத்ததும் உங்கள் நினைவு வந்துவிட்டது. இலங்கையிலிருந்து படகில் வந்தவர்களை மண்டபம் முகாமிலிருந்து லாரியில் ஏற்றி வந்து நம் ஊர் முகாமில் இறக்கிவிட்டபோது உங்களுக்குப் பதினெட்டு வயது என்பீர்கள். அதற்குப் பிறகு சாகும்வரை இங்கேதான் இருந்தீர்கள். இப்படி ஒரு தாள் ஒருமுறைகூட உங்களைத் தேடி வரவில்லை.

விருத்தாசலத்துப் பொம்மைக் கம்பெனியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து நாம் அச்சிலிருந்து எடுத்த எத்தனை பீங்கான் பொம்மைக்குப் பிசிறு சுரண்டியிருப்போம். கை பிளேடில் இருக்கும், உங்கள் வாய் ஊர் உலகத்தில் இருக்கும். ஊருக்குத் திரும்ப ஒரு மனு, இங்கேயே குடியுரிமை கேட்டு ஒரு மனு என்று இரண்டும் போட்டுவிட்டு, எதற்கும் பதில் வராமல், உலகத்துக்கே நியாயம் பேசுவீர்கள். அகதி முகாம் என்ற பலகையை மறுவாழ்வு முகாம் என்று மாற்றி எழுதிய அன்று, "போர்டு மாறினது, பள்ளம் மாறேல்ல" என்று சொல்லிச் சிரித்தீர்கள்.

நம் ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு என்று ஆனதும் என் வீட்டுக்காரர் என்னை நிறுத்தினார். ஜெயித்தது நான். நாற்காலியில் உட்கார்ந்தது அவர். "நீ என்னாத்துக்கு அலையற, நா பாத்துக்கறேன்" என்றார். நானும் விட்டது தொல்லை என்று வழக்கம்போல் பொம்மை சுரண்ட வந்துவிட்டேன். அந்த மாதம் முகாமில் ஆள் கணக்கெடுக்கும் நாள். அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கிளம்பிய நீங்கள் நின்று என்னைப் பார்த்துச் சொன்னீர்கள். "எங்கட பேரைக் கூப்பிட்டா நாங்கள்தான் போய் நிக்கோணும், காய்ச்சல் எண்டாலும் நிக்கோணும். உன்ர பேரைக் கூப்பிட்டா உன்ர மனிசன் போய் நிக்கிறார். வெக்கமா இல்லையோ பிள்ளை?"

எனக்குச் சுருக்கென்று தைத்தது. இரண்டு நாள் உங்களோடு பேசவில்லை. அடுத்த ஊராட்சிக் கூட்டத்துக்கு நானே போய் உட்கார்ந்தேன். அவர் வாசலில் நின்று செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்ல மாட்டேன், அந்த நாற்காலி எனக்குப் பிடித்துப் போயிற்று.

நாடாளுமன்றத்தில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்று சட்டம் நிறைவேறிய செய்தி வந்தபோது கம்பெனியிலேயே அதிகம் சந்தோஷப்பட்டது நீங்கள்தான். எல்லோருக்கும் டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தீர்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "டெல்லிக்குப் போறவை போகட்டும். நீ முதல்ல எங்கட வாய்க்காலுக்கு ஒரு சிறுபாலம் போட்டுத் தா" என்றீர்கள். மழை பெய்தால் முகாமுக்குள் ஆட்டோ கூட வராது. பிள்ளைகள் பனங்கட்டையில் நடந்துதான் ஸ்கூலுக்குப் போவார்கள். நீங்கள் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். செய்கிறேன் என்று உங்கள் கையைப் பிடித்துச் சொன்னேன்.

வேலைப் பட்டியலில் ஐந்தாவது வரியாக அதை எழுதவும் செய்தேன். கூட்டத்தில் துணைத்தலைவர் குனிந்து, "அங்க ஒரு ஓட்டு கூட கெடையாதும்மா. தெக்குத் தெருவுல ரோடு போடுங்க, அடுத்த தடவயும் நீங்கதான்" என்றார். அவர் மிரட்டவில்லை. என் வீட்டுக்காரர் அன்று ஊரிலேயே இல்லை. நானேதான் அந்த வரியை அடித்தேன். மேலே தெற்குத் தெரு சாலை என்று எழுதி, அடித்த இடத்தில் சின்னக் கையெழுத்தும் போட்டேன். நீங்கள் கேட்டபோது, "மேலேருந்து பணம் வரலக்கா" என்றேன். "சரி பிள்ளை" என்றீர்கள். அதற்குப் பிறகும் மத்தியானச் சாப்பாட்டில் உங்கள் தேங்காய்ச் சம்பலில் பாதி என் தட்டுக்கு வந்தது.

போன மழையில் உங்களுக்குக் காய்ச்சல் முற்றி மூச்சு வாங்கியபோது ஆம்புலன்ஸ் வாய்க்காலுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது. போர்வையில் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார்களாம். அந்தத் தாமதத்தால்தான் போனீர்கள் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. நான்தான் சொல்லிக்கொள்கிறேன்.

பதினாறாம் நாள் உங்கள் மகளிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். இங்கேயே பிறந்தவள், எங்கள் ஊர்ப் பேச்சுத்தான் அவளுக்கு. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அம்மாவுக்குத் தெரியும் சித்தி" என்றாள். "பஞ்சாயத்து ஆபீஸ் செவுத்துல வேலை லிஸ்ட்டு ஒட்டுன அன்னிக்கே போயி பாத்துட்டாங்க. அடிச்ச எடத்துல ஒங்க கையெழுத்தும் இருந்துச்சு. வூட்டுக்கு வந்து, 'அவள் பாவம், அடுத்த முறையும் நிக்கோணுமே, தெக்குத் தெருவிலதானே வோட்டுப் போடுற சனம் கூட இருக்கு' அப்படின்னாங்க. சித்திகிட்ட இதப் பத்திக் கேக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாங்க."

நீங்கள் என்னைத் திட்டியிருக்கலாம், அக்கா. அதைத் தாங்கியிருப்பேன். இப்போது அடுத்த தேர்தலில் நிற்பாயா என்று கேட்கிறார்கள். வாழ்நாளில் ஒரு ஓட்டுக்கூடப் போடாத நீங்கள், எனக்காக உட்கார்ந்து ஓட்டுக் கணக்குப் பார்த்திருக்கிறீர்கள்.