கல் என்றால் நேற்று

அண்ணாச்சி,

இன்று காலை எங்கள் முலுண்ட் கட்டடத்தின் வாசல் கிரில்லுக்குப் பெயின்ட் அடிக்க வந்தவர், இரண்டு கோட் முடிந்துவிட்டது என்று இந்தியில் சத்தியம் செய்தார். தின்னர் வாடை மூக்கில் ஏறியதுமே எனக்குக் கை பரபரத்தது. அவர் தூரிகையைக் கழுவத் திரும்பிய நேரத்தில் கொண்டை ஊசியை உருவி, அடிக்கம்பியில் ஒரு கீறு கீறிப் பார்த்தேன். ஒரு கோட்தான். அதற்கடியில் போன முறை அடித்த பச்சை, அதற்கும் அடியில் துரு. காட்டியதும் அவர் அசட்டுச் சிரிப்போடு டப்பாவை மறுபடி திறந்தார். ஊசியைத் துடைத்துத் தலையில் செருகிக்கொண்டு மாடியேறும்போது உங்கள் நினைவு வந்து, பாதிப் படியில் நின்றுவிட்டேன். நீங்கள் போய் இன்றோடு பதினோரு நாள்.

அறுபதுகளின் நடுவில் பம்பாயில், செம்பூரில், பாதி கொட்டகையும் பாதி ஆய்வுக்கூடமுமாக இருந்த அந்தப் பெயின்ட் கம்பெனியில் நான் சோதனை பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தேன். மாட்டுங்காவில் ரயிலேறி குர்லாவில் வண்டி மாறி வரும் கெமிஸ்ட்ரி பட்டதாரி. அந்த ஆய்வுக்கூடத்தில் நான் ஒருத்திதான் பெண். நீங்கள் தாராவியிலிருந்து வருவீர்கள். எங்கள் பெயின்டை வாங்கும் ஆலைகளின் இரும்புத் தொட்டிகளுக்குள் இறங்கி அடித்துக் கொடுக்கும் கான்ட்ராக்டரிடம் ஃபோர்மேன். நீங்கள் அடிப்பீர்கள். நான் பார்த்து, சரி என்றோ தப்பு என்றோ எழுதுவேன். உங்கள் ஆட்கள் எல்லோரும் அண்ணாச்சி என்றதால் நானும் அண்ணாச்சி என்றேன். நீங்கள் லேப் அம்மாவைச் சுருக்கி என்னை லேபம்மா என்றீர்கள். "என்ன லேபம்மா, 'பண்ணினேள், போனேள்'னு ஏள் போட்டு மெரட்டுதியளே" என்று என் பேச்சைக் கேலி செய்வீர்கள்.

சந்தேகம் எனக்குக் கூடவே பிறந்தது. தராசுத் தட்டைப் பார்க்காமல் கால் கிலோ கத்திரிக்காய் வாங்கியதில்லை. ஒருமுறை ஊரிலிருந்து வந்த கருப்பட்டி என்று ஒரு வட்டு கொண்டுவந்து என் மேசையில் வைத்தீர்கள். எந்தத் தொட்டியில் என்ன கோளாறை மறைக்க இந்தக் கருப்பட்டி என்று இரண்டு நாள் யோசித்தேன். தின்னவில்லை. டிராயரில் எறும்பு தின்றது. அதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது, ஆனால் இன்றைக்கு யாராவது கொண்டுவந்து வைத்தாலும் அப்படித்தான் யோசிப்பேன்.

ரேயான் ஆலைக்காரர்களின் தொல்லை உங்களுக்கு மறந்திருக்காது. அவர்கள் காஸ்டிக் சோடாத் திரவத்தை இரும்புத் தொட்டியில்தான் வைத்திருந்தார்கள். இரும்பு கொஞ்சம் கொஞ்சமாகத் திரவத்தில் கரைந்து, நூல் மஞ்சள் பாரித்தது. துருப்பிடிக்காத எஃகுத் தொட்டி வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், அதற்கு லைசென்ஸ் கிடைக்காது. நாங்கள் சொன்ன வழி, தொட்டியின் உட்புறம் முழுக்க ஒரு பிசின் பூச்சு. மூன்று தலைமயிரை அடுக்கிய தடிமன்தான். காஸ்டிக்கும் இரும்பும் ஒன்றையொன்று தொடாமல் அது ஒன்றே நடுவில் நிற்கவேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் பூச்சு நிற்பதும் கொப்பளித்து உரிவதும் அதற்கடியில் என்ன இருக்கிறது என்பதில் இருக்கிறது. காற்றழுத்தத்தில் மணலை வீசி இரும்பை வெள்ளிபோல் ஆக்குவதற்கு பிளாஸ்டிங் என்று பெயர். பம்பாய் மழைக்காற்றில் அந்த வெள்ளி நான்கு மணி நேரம் தாங்காது, பழுப்பேறிவிடும். ஆகவே காலையில் பிளாஸ்டிங் என்றால் அன்று மதியத்துக்குள் முதல் கோட். இது என் சட்டம்.

மூன்று கோட்டுக்கும் ஒரே நிறம் வேண்டாம், சாம்பல், அதன்மேல் சிவப்பு, மறுபடி சாம்பல் என்று அடித்தால் எது விட்டுப்போயிருந்தாலும் கண்ணுக்குத் தெரியும் என்று சொன்னவர் நீங்கள். பிடிபடுவதற்கு வழி சொல்லிக்கொடுக்கிறாரே, இதற்குள் என்ன சூது என்று அதையும் சந்தேகப்பட்டேன். பிறகு அந்த முறையை என் யோசனை என்று மேனேஜரிடம் சொல்லி நல்ல பெயர் வாங்கிக்கொண்டேன்.

அந்த ஜூலை காலை. ஆலையில் இரண்டு தொட்டிகள் அடுத்தடுத்து நின்றன. முதல் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தேன், சாம்பல் கோட் அடித்து முடிந்திருந்தது. நான் வருவதற்கு முன்னே முடித்துவிட்டதே எனக்குப் பிடிக்கவில்லை. வெளியே மணல் மூட்டைமேல் பிளாஸ்டிங் செய்யும் தெலுங்குக்காரர் உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குத் தெலுங்கு தெரியாது. இருவருக்கும் பொதுவாக ஓட்டை இந்தி. தொட்டிகளின் பக்கம் கையை வீசி, "பிளாஸ்டிங் கப்?" என்றேன். எப்போது என்று அர்த்தம். அவர், "கல்" என்றார்.

நேற்று. நேற்று பிளாஸ்டிங், இன்று பெயின்ட். ராத்திரி முழுக்க மழை. பழுப்பேறிய இரும்பை மூடி மறைக்கத்தான் விடிந்ததும் விடியாததுமாக அடித்திருக்கிறீர்கள் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

"எப்போ பிளாஸ்ட் பண்ணினேள்?" என்று உங்களைக் கேட்டேன்.

"இன்னைக்குக் காலையிலதாம் லேபம்மா. ஆறு மணிக்கு ஆரம்பிச்சி, எட்டரைக்கு முடிச்சி, உடனே அடிச்சாச்சி. மழ மறுபடி வருமுன்ன முடிச்சிரணும்னுதான்."

"அவர் நேத்துங்கறாரே."

உங்கள் முகம் மாறியது. இடுப்பிலிருந்து கத்தியை எடுத்துக் கைப்பிடியை என் பக்கம் நீட்டினீர்கள். "எங்க வேணும்னாலும் கீறிப் பாருங்க. வெள்ளியா இல்லேன்னா எங்கிட்ட கேளுங்க."

நான் வாங்கவில்லை. இவ்வளவு தைரியமாக நீட்டுகிறாரே, தெரிந்த ஆள், எங்கே கீறுவேன் என்று கணக்குப் போட்டுத்தான் வைத்திருப்பார் என்று நினைத்தேன். ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பி, துருவின்மேல் அடித்தது, ஃபோர்மேன் பொய் சொல்கிறார் என்று எழுதிக் கொடுத்தேன். பூச்சு முழுவதையும் மணல் வீசிச் சுரண்டிவிட்டு மறுபடி அடிக்கச் சொன்னார்கள். அடியில் இருந்தது வெள்ளியா பழுப்பா என்பதையும் மணல் சேர்த்தே சுரண்டிவிட்டது. அந்த வாரமே கான்ட்ராக்டர் உங்களை நிறுத்திவிட்டார். பொய்க்காரர் என்ற பேரோடு செம்பூரில் எந்த ஆலையிலும் உங்களைத் தொட்டிக்குள் இறங்கவிடவில்லை.

அந்த வருஷத் தீபாவளிக்கு முன்பு அதே தெலுங்குக்காரர் என்னிடம், "கல் காவ்" என்றார். காவ் என்றால் ஊர். ஊருக்குப் போய் நேற்று வந்திருக்கிறார் என்று எண்ணி, வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்றேன். அவர் விழித்தார். நாளைக்குத்தானே போகிறேன் என்று கையால் காட்டினார். இந்தியில் கல் என்றால் நேற்றும்தான், நாளையும்தான். பின்னால் வரும் வினைச்சொல்லை வைத்துத்தான் பிரிக்கவேண்டும். எங்கள் இருவர் இந்தியிலும் வினைச்சொல் கிடையாது. அந்த ஜூலை காலையைப் பற்றிக் கேட்டேன். அவர் இரண்டாவது தொட்டியைச் சொல்லியிருக்கிறார். அதற்கு நாளைக்கு பிளாஸ்டிங் என்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை தாராவியில் உங்களைத் தேடிக் கண்டுபிடித்தேன். ஒரு பட்டறையில் இரும்புக் கட்டில்களுக்கு ஸ்ப்ரே அடித்துக்கொண்டிருந்தீர்கள். தொட்டிக்குள் இறங்கி வேலை பார்த்தவர், கட்டில் காலுக்கு நீலம் அடித்துக்கொண்டிருந்தீர்கள். நான் சொல்லி முடித்ததும் ஸ்ப்ரே துப்பாக்கியைக் கீழே வைத்தீர்கள். பிறகு சிரித்தீர்கள்.

"நல்ல கல்லாப் பாத்துத் தலையில தூக்கிப் போட்டுட்டியளே லேபம்மா."

நான் அழுதேன். நீங்கள் பட்டறைப் பையனை டீ வாங்கிவரச் சொன்னீர்கள்.

"சந்தேகப்பட்டதுக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். அது ஒங்க வேல. கத்திய நீட்டினேன், வாங்கலியே. அதாம் எனக்கு ஆறல" என்றீர்கள். டீயைக் குடித்து முடித்துவிட்டு, "ஆபீசுல எழுதிக் குடுத்துட்டியளா?" என்று கேட்டீர்கள்.

"குடுத்துட்டேன் அண்ணாச்சி" என்றேன்.

எழுதியிருந்தேன். நான்கு வரி. தவறு என்னுடையது, ஃபோர்மேன் சொன்னதே உண்மை, அவர்மேல் எந்தக் குறையும் இல்லை, அவரை மறுபடி வேலைக்கு எடுக்கவேண்டும். தாள் அப்போது என் கைப்பையில்தான் இருந்தது. பொம்பளையை எடுத்திருக்கிறோம், பார்க்கலாம் என்று என்னைச் சேர்க்கும்போதே சொன்னவர் மேனேஜர். ஒரு இந்திச் சொல் புரியாமல் நல்ல பூச்சைச் சுரண்ட வைத்தேன் என்று நானே எழுதிக் கொடுத்தால் மறுநாள் எனக்கு நாற்காலி இருக்காது. திங்கட்கிழமை கொடுத்துவிடலாம், ஒரு நாள் முன்னால் சொன்னதில் என்ன என்று நினைத்தேன். திங்கட்கிழமை கொடுக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமையும் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு மாட்டுங்கா மார்க்கெட்டில் இரண்டு தடவை பார்த்துக்கொண்டோம். நீங்கள் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. விசாரித்துத் தெரிந்துகொண்டுதான் சும்மா இருக்கிறீர்களோ என்று சந்தேகப்பட்டேன். என் முகத்தை நீங்கள் பார்த்த விதத்தைக்கூடச் சந்தேகப்பட்டேன். இத்தனை வருஷமும் இந்தச் சந்தேகத்தில்தான் ஓடியது. ஒரு விதத்தில் அது எனக்கு ஆறுதலாகவும் இருந்தது. தெரிந்துவிட்டது என்றால் நான் சொல்லவேண்டாமே.

போன வாரம் துக்கம் கேட்க, திலக் நகரில் உங்கள் மகள் வீட்டுக்குப் போனேன். என் பெயரைச் சொன்னதும், "லேபம்மாவா?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா சொல்லிக்கிட்டே இருப்பாவம்மா. லேபம்மா அவ்வோ தப்ப ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்துட்டாவ, கான்ட்ராக்டர்தான் ரோஷம் பிடிச்சிக் கூப்பிடலன்னு. அந்த ஆளு செத்ததுக்குக்கூட அப்பா போவல. எங்கள ஒருத்தரயும் போவ விடல."

கடிதத்தைக் கொடுக்கவே இல்லை என்று சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள், "அந்தக் கடுதாசியில என்னம்மா எழுதியிருந்திய? அப்பாவப் பத்தி ஒரு பெரிய கம்பெனியில நல்லதா எழுதிக் குடுத்தது அது ஒண்ணுதான்" என்றாள்.

நான்கு வரியையும் ஒரு சொல் மாறாமல் ஒப்பித்தேன். அவள் பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன். அவள் என்னைச் சந்தேகப்படவில்லை, அண்ணாச்சி.