எஸ்தர் இருக்கும் கட்டம்

அக்டோபர் 21, 2024

சபை அலுவலகத்துக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. பழையதில் இருந்தவற்றை மாற்றி, அதைக் கடைக்காரரிடம் கொடுத்து முடிக்க மாலையாகிவிட்டது. வீட்டுக்கு வந்தால் இட்லி மாவு மறுபடியும் புளித்துக் கிடக்கிறது. ஒருத்திக்கு என்று யாரும் மாவுப் பாக்கெட் போடுவதில்லை. அம்மா இருந்தவரை இது ஒரு கவலையாகவே தெரியவில்லை.

அக்டோபர் 22

அண்ணன் ஓசூரிலிருந்து போன் செய்தான். “நல்லா இருக்கேல்ல ஏஞ்சல்?” இருக்கிறேன் என்று சொல்வதற்குள் வைத்துவிட்டான்.

அக்டோபர் 23

தென்னேரியிலிருந்து தர்மன் என்று ஒரு பெரியவர் வந்தார். 1996இல் அவருடைய பெண் குழந்தை பிறந்த அன்றே இறந்து, நம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கமாகியிருக்கிறது. அப்போது அவர் பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தார். மனைவி எல்லம்மாள் எழுந்திருக்க முடியாமல் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். அடக்கம் செய்த மைத்துனர் இப்போது உயிரோடு இல்லை. நட்டுவைத்த மரச்சிலுவையும் இல்லை. எல்லம்மாளுக்கு இப்போது உடம்பு முடியவில்லை.

“ஒரு தபா அந்த எடத்த காட்டுன்னு கேட்டுக்கினே இருக்குறாமா. எனக்கே தெரியாதே, எங்கன்னு காட்டுவேன்?”

எனக்கு முன்னால் இங்கே வேலை பார்த்தவர், ஒரு கட்டத்துக்கு ஒரு கல்லறை என்று எக்ஸெல்லில் வரைபடம் போட்டு வைத்திருக்கிறார். திறந்தேன். இந்த வகைக் கோப்பைத் திறக்க அனுமதியில்லை என்று வந்தது. நாளை வாருங்கள் என்றேன். கும்பிட்டுவிட்டுப் போனார். எதற்குக் கும்பிட்டார்?

அக்டோபர் 24

செட்டிங்கில் தேடித் தேடி, பழைய கோப்புகளைத் தடுத்துவைக்கும் இடத்தைக் கண்டுபிடித்தேன். டிக்கை எடுத்ததும் திறந்துவிட்டது. சந்தோஷப்படக்கூட நேரமில்லை. கட்டங்கள் இருக்கின்றன, பெயர்களைப் படிக்க முடியவில்லை. எல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக. அந்தக் காலத்துத் தமிழ் ஃபாண்ட் புதுக் கம்ப்யூட்டரில் இல்லை.

தர்மன் என் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தார்.

“இதுல எது எம்பொண்ணு?”

கோப்பைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டேன்.

அக்டோபர் 25

பெரிய காஞ்சிபுரத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் சிட்டிபாபுவிடம் கோப்பை எடுத்துக்கொண்டு போனேன். பழைய ஃபாண்ட் எல்லாம் வைத்திருக்கிறார். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். எழுத்துகள் கோணல்மாணலாகவே வந்தன. எனக்கு நம்பிக்கை விட்டுப்போயிற்று. “இன்னும் ஒண்ணு இருக்குதுமா, இரு” என்று அதையும் போட்டார்.

கட்டம் கட்டமாகத் தமிழ். ஆரோக்கியம். சாமுவேல். குழந்தை எஸ்தர், த/பெ. தர்மன், தென்னேரி.

சத்தமாக வாசித்துவிட்டேன் போலிருக்கிறது. கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அக்டோபர் 26

தர்மன் ஆட்டோவில் எல்லம்மாளை அழைத்து வந்தார். பிரிண்ட் எடுத்த தாளோடு, கிணற்றடியிலிருந்து வரிசையை எண்ணிக்கொண்டு முன்னால் நடந்தேன். தாள் காட்டிய இடத்தில் வெறும் புல். தப்பாக இருந்தால்? பக்கத்துக் கல்லைத் துடைத்துப் பார்த்தேன். சாமுவேல். தாளிலும் பக்கத்துக் கட்டம் அவர்தான். அப்புறம்தான் இதுதான் என்று சொன்னேன்.

எல்லம்மாள் உட்கார்ந்து புல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கினார். அழவில்லை.

“மூஞ்ச கூட நான் பாக்கலமா. துணி சுத்தி எடுத்துக்கினு பூட்டாங்க.”

தர்மன் தள்ளிப்போய் நின்றுகொண்டார். நான் எல்லம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் புல்லைப் பிடுங்கிக்கொண்டே, “உனக்கு யாருமா இங்க இருக்காங்க?” என்று கேட்டார். அம்மா இருக்கும் சுவரோரம் கையைக் காட்டினேன். அழுதது நான்தான். அவர் மண் ஒட்டிய கையோடு என் முதுகைத் தடவினார். அம்மாவின் அடக்கத்தன்றுகூட நான் இப்படி அழவில்லை.

அக்டோபர் 28

வரைபடத்தில் அம்மாவின் கட்டம் இத்தனை மாதமாகக் காலியாகவே இருந்திருக்கிறது. நிரப்ப வேண்டியவள் நான்தான். இன்று பெயரை அடித்தேன்.

நவம்பர் 11

நேற்று இரவு வீட்டில் இல்லை. ஆராதனை முடிந்து தென்னேரிக்குச் சாப்பிடப் போயிருந்தேன். மழை பிடித்துக்கொண்டது, பஸ்ஸும் வரவில்லை. எல்லம்மாளின் கட்டிலை ஒட்டி எனக்குப் பாய் போட்டுக் கொடுத்தார்கள். அவர் கேட்கக் கேட்க அம்மாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தேன். பாதிப் பேச்சில் தூங்கிவிட்டேன் என்று காலையில் தர்மன் சொல்லிச் சிரித்தார்.