முகத்துவாரத்தை வெட்டினோம்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் இங்கே சுகம், நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். டிவியில் நம் தெருவைப் பார்த்துவிட்டு நீ அழுததாக மாப்பிள்ளை சொன்னார். அழுகிற அளவுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை, நடந்ததைச் சொல்கிறேன் கேள்.

இந்த ஊரில் மேடு என்று சொல்ல ஒன்றும் கிடையாது, மேற்கே பெய்கிற மழையெல்லாம் ஆற்றோடு வந்து நம் தெருமுனையில்தான் கடலில் சேர வேண்டும். இந்த வருஷம் அலை மணலைக் கொண்டுவந்து முகத்துவாரத்தை அடைத்துவிட்டது. விடாமல் ஊற்றிய மழைத்தண்ணீர் போக வழியில்லாமல் திரும்பி வந்து நம் சலவைக் கடைக்குள் இஸ்திரி மேஜை வரைக்கும் ஏறிவிட்டது. அப்பாவுக்கு ஈரக்காற்று பட்டாலே இழுப்பு, அவரை மாடியிலிருக்கும் தையல்காரர் வீட்டில் உட்கார வைத்தேன். ஓர் அதிகாரி படகில் வந்து, மணலை வெட்ட நாளைக்கு இயந்திரம் வரும், அதுவரை எல்லோரும் வெளியேறுங்கள், இது மனுஷர் குடியிருக்கிற இடமே இல்லை என்றார். அந்தக் கடைசி வார்த்தைதான் சுருக்கென்று தைத்தது. மண்வெட்டியோடு கிளம்பினேன். தையல்காரர் வந்தார், மீன் விற்கிற அக்கா வந்தாள், பிறகு தெருவே திரண்டது. அனுமதியில்லாமல் மணலைத் தொட்டால் வழக்குப் போடுவேன் என்று அதிகாரி மிரட்டினார். "போடுங்க சார், முதல் பேரா என் பேரை எழுதிக்கோங்க" என்றேன்.

கடல் உள்வாங்கியிருந்த நேரம் பார்த்து வெட்டினோம். முதலில் சாக்கடை அகலத்துக்குத்தான் தண்ணீர் ஓடியது, பிறகு அதுவே கரையை அரித்துக்கொண்டு பாய்ந்தது. தையல்காரர் நின்ற மணல் சரிந்துவிட்டது, அக்கா அவர் சட்டையைப் பிடித்து இழுக்காவிட்டால் ஆளே போயிருப்பார். ஆனாலும் பொழுது சாய்வதற்குள் கடைத் தரை தெரிந்தது. வழக்கு இன்னும் வரவில்லை, வந்தால் பார்த்துக்கொள்வோம்.

கடல் இனி இன்னும் ஏறும் என்கிறார்கள். ஏறட்டும், தண்ணீர் மோட்டாரை மாடிக்கு மாற்றியாயிற்று, தரையையும் உயர்த்தப் போகிறோம். புழுக்கமும் உப்புத் துருவும் எனக்குப் புதிதா என்ன? உங்கள் ஊர்க் குளிருக்கு நான் ஆள் இல்லையம்மா. எங்களுக்காகப் போட்ட விமான டிக்கெட்டை மறக்காமல் ரத்து செய்துவிடு, பயந்து ஓடி வரும் தாயாக உன் வாசலில் வந்து நிற்க மாட்டேன். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும். துணி கொடுக்க ஆட்கள் வந்துவிட்டார்கள், கடையைத் திறக்கப் போகிறேன்.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா