மணி மாமாவும் கொதித்த ரேடியேட்டரும்

கடலூர், செம்மண்டலம்.

அன்பு மகள் இசைவாணிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே நல்லபடியாக இருக்கிறோம், அயர்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் வராமல் சுகமாக இருக்க வேண்டும். தினமும் வீடியோவில் முகம் பார்க்கிறோமே, இவர் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ பாதியில் குறுக்கே பேசுவாய், எனக்கும் சொல்ல வந்தது விட்டுப்போய்விடும். ஒரே மூச்சில் சொல்லியாக வேண்டிய விஷயம். நம் காரைப் பற்றியது, உன் மணி மாமாவைப் பற்றியது.

பொங்கலுக்குப் பிறகு கார் புகை தள்ளி ஆயில் குடிக்க ஆரம்பித்ததும், இன்ஜினைப் பிரித்து வேலை பார்த்தே ஆக வேண்டும் என்று மணிவண்ணன் சொல்லிவிட்டான். அம்மாவுக்குச் செவ்வாயும் வெள்ளியும் சிதம்பரத்தில் டயாலிசிஸ், அது முடிந்து அவன் வீட்டில்தான் ஒரு தூக்கம் போட்டுவிட்டு வருவாள், அதனால் பைபாஸில் இருக்கும் அவன் பட்டறையிலேயே வண்டியை விட்டேன். என்னதான் மச்சானாக இருந்தாலும் எனக்கு என் புத்தி. முப்பத்தொரு வருஷம் கரண்ட் ஆபீஸில் லைன் வேலை பார்த்து, மீட்டரில் கை வைத்தவர்களைப் பிடித்தே பழகியவன் நான். வண்டியை விடுவதற்கு முன் நீ விட்டுப்போன நகப்பூச்சை எடுத்து ரேடியேட்டர், வாட்டர் பம்ப், டைனமோ எல்லாவற்றிலும் யாருக்கும் தெரியாமல் ஒவ்வொரு பொட்டு வைத்தேன். மூன்று வாரம் கழித்து வண்டி வந்தபோது பம்பில் பொட்டு இல்லை. கேட்டதற்கு, “பழசு ஒழுகுச்சி மாமா, புதுசு போட்டிருக்கேன்” என்றான். சிரித்துக்கொண்டே சொன்னான். அந்தச் சிரிப்பே எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மாவை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். ஆலப்பாக்கம் தாண்டி ரோடு வேலை நடக்கிற இடத்தில் லாரிகளுக்குப் பின்னால் இருபது நிமிஷம் நின்றோம். டெம்பரேச்சர் முள் மேலே ஏறிக்கொண்டே போய்ச் சிவப்பைத் தொட்டது, பானட்டிலிருந்து குபுகுபுவென்று ஆவி. வீங்கின காலோடு அம்மா ரோட்டோரம் ஒரு கல்லில் உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் கழித்துத்தான் ஆட்டோ கிடைத்தது. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அவள் முறை தாண்டிவிட்டது, நாலு மணி நேரம் ஓட வேண்டிய மிஷினை இரண்டு மணி நேரம்தான் ஓட்டினார்கள். அன்று சாயங்காலம் அவளுக்கு மூச்சு வாங்கியதைப் பார்த்தபோது என் கோபமெல்லாம் மணிவண்ணன் மேல்தான் போனது. நல்ல சாமானை எடுத்துக்கொண்டு எதையோ மாட்டி ஏமாற்றிவிட்டான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

மறுநாள் நேராகப் பட்டறைக்குப் போனேன். அவன் ஆட்கள் நாலு பேர், வெளியே வண்டி விட வந்தவர்கள் இரண்டு பேர், எல்லோர் முன்னாலும் கத்தினேன். “உன் அக்கா உசுரே நம்பி இருக்கற வண்டிடா இது, இதுலயுமா திருடுவ?” என்று கேட்டுவிட்டேன். அவன் கையைத் துடைத்துக்கொண்டே, “மாமா, வண்டிய ரெண்டு நாள் எங்கிட்ட வுடுங்க, நானே பாத்து சொல்றேன்” என்றான். திருடனிடமே சாவியைக் கொடுப்பதா என்று திரும்பி வந்துவிட்டேன். அன்றோடு அம்மா அவன் வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். “எந்த மொகத்த வச்சிக்கிட்டு தம்பி வூட்டுக்குப் போறது?” என்று சொல்லி, டயாலிசிஸ் முடிந்து ஆஸ்பத்திரி வராண்டா பெஞ்சிலேயே படுத்துவிட்டு பஸ்ஸில் என்னோடு வந்தாள். வழியெல்லாம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வருவாள், என்னோடு பேச்சு கிடையாது.

வண்டியைப் பண்ருட்டியில் சேரன் என்ற மெக்கானிக்கிடம் கட்டி இழுத்துக்கொண்டு போனேன். அவன் முறையாகத்தான் பார்த்தான். ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து இன்ஜினை ஓட்டி, தண்ணீரில் குமிழி வருகிறதா என்று பார்த்தான், வரவில்லை. ஆயில் பால் மாதிரி வெளுக்கவில்லை. அதனால் ஹெட் கேஸ்கட் நன்றாக இருக்கிறது என்றான். ரேடியேட்டரின் மேல் ஓஸ் குழாயும் கீழ் ஓஸ் குழாயும் சூடாகின்றன, அதனால் தண்ணீரை விடும் வால்வு திறக்கிறது. பம்பைக் கழற்றிக் காட்டினான், புத்தம் புதுசு. ஃபேனும் ஓடுகிறது. “அண்ணே, வேல செஞ்சவரு சுத்தமாத்தான் செஞ்சிருக்காரு, எனக்கே புரியல” என்றான். நான் அவனையும் நம்பவில்லை. மணிவண்ணன் முன்கூட்டியே போன் போட்டுச் சொல்லியிருப்பான், மெக்கானிக்குகள் எல்லாம் ஒரே கூட்டம் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டு வாசலில் இன்ஜினை ஓடவிட்டு, மணிவண்ணன் செய்திருக்கக்கூடிய தப்புகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வண்டிக்கு முன்னால் குந்தியிருந்தேன். முள் ஏறியது, ஃபேன் ஓட ஆரம்பித்தது, என் முகத்தில் அனல் அடித்தது. உடனே உறைக்கவில்லை. இரண்டு நிமிஷம் கழித்துத்தான் தோன்றியது, முன்னால் இருக்கிற எனக்கு ஏன் அனல் அடிக்க வேண்டும்? ஃபேன் காற்றை உள்ளே அல்லவா இழுக்க வேண்டும்? கையிலிருந்த தாளை ரேடியேட்டர் முன்னால் பிடித்தேன். ஒட்டிக்கொள்ள வேண்டிய தாள் என் நெஞ்சில் வந்து விழுந்தது. ஃபேன் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

உன்னிடம் ஒன்றை நான் சொல்லவே இல்லை இசை. மறைக்கவில்லை, சத்தியமாக நினைவிலேயே இல்லை. வண்டி பட்டறையில் இருந்தபோது ஃபேன் மோட்டார் சத்தம் போடுகிறது என்று மணிவண்ணன் சொன்னான். அது கரண்ட் வேலை, நீ தொடாதே என்று சொல்லி நானே கடலூரில் மோட்டார் வாங்கிக்கொண்டு போய் மாட்டினேன். பழைய சாக்கெட்டு சேரவில்லை, கம்பிகளை வெட்டி நானே முறுக்கி டேப் சுற்றினேன். வீட்டு ஃபேனில் இரண்டு கம்பியை எப்படி மாற்றிக் கொடுத்தாலும் அது ஒரே பக்கம்தான் சுற்றும், ஆயுசுக்கும் அந்தப் பழக்கம். பேட்டரியில் ஓடும் மோட்டாருக்குக் கம்பி மாறினால் சுற்றும் திசையே மாறிவிடும். இது தெரியாதவனா நான்? தெரியும். அன்றைக்கு யோசிக்கவில்லை. எல்லோரையும் சந்தேகப்பட்டவன் என் கையைச் சந்தேகப்படவில்லை.

இரண்டு கம்பியையும் மாற்றிக் கொடுத்தேன். முக்கால் மணி நேரம் ஓடவிட்டேன், முள் பாதியைத் தாண்டவில்லை. அம்மா காபி கொண்டுவந்து, “என்னா, இன்னிக்கி சூடு ஏறலியா?” என்றாள். பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன். உள்ளதைச் சொல்கிறேன், சேரன் சரிசெய்துவிட்டான் என்று ஊரெல்லாம் சொல்லிவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். யாருக்கும் தெரியப்போவதில்லை. செவ்வாய்க்கிழமை அம்மாவை வண்டியில் கூட்டிக்கொண்டு போகும்போது, புதுச்சத்திரம் தாண்டி, “வண்டி சரியாப் போச்சே, என்னா பண்ணீங்க?” என்று கேட்டாள். அதற்குமேல் என்னால் முடியவில்லை, சொல்லிவிட்டேன். வெள்ளாற்றுப் பாலம் வந்ததும், “ஆஸ்பத்திரிக்கு இன்னும் நேரம் இருக்குது, மொதல்ல அவன்கிட்ட வுடுங்க” என்றாள்.

பட்டறையில் அவனைத் தனியாகக் கூப்பிட்டேன். வரவில்லை. “அன்னிக்கி எல்லாரு முன்னாலயும்தானே சொன்னீங்க மாமா, இதையும் அப்பிடியே சொல்லுங்க” என்றான். சொன்னேன். தப்பு என்னுடையது, இவன் வேலையில் ஒரு குறையும் இல்லை, நான் சொன்னது பொய் என்று அவன் ஆட்கள் நாலு பேர் முன்னால் சொன்னேன். மணிவண்ணன் குனிந்து ஃபேன் கம்பியைப் பார்த்தான். “வண்டிய வெளிய எடுக்கறப்ப எல்லாத்தையும் ஒரு தபா செக் பண்ணேன் மாமா. ஃபேன மட்டும் பண்ணல. நீங்க செஞ்சதாச்சே, சரியாத்தான் இருக்கும்னு வுட்டுட்டேன்” என்றான். அவன் திரும்பத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் இசை.

அன்றைக்கு அம்மா பழையபடி அவன் வீட்டில் படுத்துத் தூங்கினாள். எனக்கும் சாப்பாடு போட்டார்கள், அவன் மட்டும் பட்டறையில் வேலை இருக்கிறது என்று வரவில்லை. வேலை இருந்ததா இல்லையா என்று நான் விசாரிக்கவில்லை, விசாரிக்கவும் மாட்டேன்.

எதிர்வீட்டுப் பிரிசில்லா டீச்சர் உன்னைக் கேட்டார்கள். அம்மாவுக்கு இந்த மாதம் ரத்த அளவு கொஞ்சம் கூடியிருக்கிறது, டாக்டர் திருப்தியாகச் சொன்னார். நீ வேலைக்குப் போகும் அவசரத்தில் சாப்பிடாமல் ஓடாதே, ஈரத் தலையோடு வெளியே போகாதே.

அவன் திருடிவிட்டான் என்று நான் அப்போது போனில் சொன்னதை நம்பி, இனிமேல் பேசமாட்டேன் என்று நீ மாமாவுக்கு மெசேஜ் அனுப்பியிருக்கிறாய், அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதைப் பற்றி அவன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே அவனுக்குப் போன் செய். அப்பா சொல்லித்தான் செய்கிறேன் என்றே சொல், இதில் இனிமேல் ஒளிக்க ஒன்றும் இல்லை. நீங்கள் இரண்டு பேரும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க நானும் அம்மாவும் ஆசீர்வதிக்கிறோம்.

இப்படிக்கு,
உன் அப்பா
ச. சிற்றம்பலம்