உன் அறையில் நிற்கும் இரும்புக் கூண்டு

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவும் நானும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குச் சண்டையும் போட்டுக்கொண்டு நலமாக இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டும். போனில் நீ பேசியதற்கு அன்றைக்கே பதில் சொல்லியிருப்பேன், ஆனால் நீ பேச ஆரம்பித்தால் நடுவில் மூச்சு விடக்கூட இடம் தருவதில்லை, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. விடையை முதலில் சொல்லிவிடுகிறேன், வழிமுறையைப் பிறகு காட்டுகிறேன்: உன் அறையில் நிற்கும் அந்த இரும்பை நான் விற்கப் போவதில்லை, அப்பாவை முதியோர் இல்லத்துக்கு அனுப்பப் போவதும் இல்லை.

நீ சொன்னதில் ஒன்று சரி. பக்கவாதம் வந்து அப்பாவின் இடது கால் தளர்ந்த பிறகு, நாலு மாதத்துக்கு முன் அவர் குளியலறையில் விழுந்தபோது என்னால் அவரைத் தூக்க முடியவில்லை. முக்கால் மணி நேரம் ஈரத் தரையில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு சத்தம் போட்டேன், கடைசியில் எதிர்வீட்டுத் தையல்காரரும் தெருவில் போன மூன்று பேரும் வந்து தூக்கினார்கள். இருபத்தெட்டு வருடம் பேருந்து ஓட்டி, ஒவ்வொரு நடையிலும் ஐம்பது அறுபது பேரைப் பத்திரமாக இறக்கிவிட்ட மனிதர், அடிபட்ட இடுப்பைவிட அத்தனை பேர் முன்னால் அந்தக் கோலத்தில் கிடந்ததுதான் அவருக்கு வலித்தது. அடுத்த வாரமே நீ இல்லத்தில் அறைக்குச் சொல்லி வைத்துவிட்டாய், வரும் மாதம் முதல் தேதி அது காலியாகிறது என்று இப்போது போனில் சொன்னாய். "அம்மா, அவரைத் தூக்க உங்களால முடியல, அதுதான் உண்மை, ஒத்துக்கோங்க" என்றாய். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு பிள்ளை காலாண்டுப் பரீட்சையில் தோற்றால் நாங்கள் அவனைப் பள்ளியை விட்டே அனுப்புவதில்லை, எந்தப் பாடத்தில் தோற்றான் என்றுதான் பார்ப்போம். நான் தோற்றது காலில். அந்த இல்லத்தின் வாசலில் பார்வையாளர் நேரம் ஐந்து மணி வரை என்று பலகை மாட்டியிருக்கிறது, முப்பத்தொன்பது வருடம் கூடவே இருந்தவரை நான் பார்வையாளராகப் போய்ப் பார்க்க வேண்டுமாம்.

அப்பாவுக்குப் பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வரும் பிசியோதெரபிப் பெண்ணிடம் கேட்டேன். "உங்க தொடையில பலம் வந்தா பாதி வேலை முடிஞ்சதும்மா" என்று நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழச் சொன்னாள். ஏழாவது தடவை எழ முடியவில்லை எனக்கு, அவ்வளவு மோசம். பிறகு தண்ணீர் கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எழுந்தேன், அதற்கு மேல் பாரம் ஏற்றக் கம்பி வேண்டும் என்றாள். முனைக் கடைக்கு மேலே இருக்கும் ஜிம்முக்குப் போனால், "ஆன்ட்டி, வெயிட் குறைக்கணுமா?" என்றான் அங்கிருந்த பையன், கூட்டணும் என்றேன். ஆனால் போய்ப் பயிற்சி செய்துவிட்டு வர ஒன்றரை மணி நேரம், வாரத்தில் மூன்று நாள் அவ்வளவு நேரம் அப்பாவைத் தனியே விட முடியாது, அதனால்தான் வீட்டிலேயே ஒரு பவர் ரேக், எடைக் கம்பியைத் தாங்கும் இரும்புச் சட்டம். நாலு தூண், தூண் முழுக்கத் துளைகள், கம்பியை மாட்ட இரண்டு கொக்கி, எழ முடியாமல் போனால் கம்பியைத் தாங்கிக்கொள்ள இரண்டு பக்கமும் குறுக்குத் தண்டுகள், அவ்வளவுதான். அப்பா அதற்குக் கூண்டு என்று பெயர் வைத்துவிட்டார்.

கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. மூன்று கடை ஏறி இறங்கினேன். விலை குறைந்தது வெறும் இரண்டு தூண், தனித்தனியாக நிற்கும், நான் சரிந்தால் பிடிக்க ஒன்றும் இல்லை, வேண்டாம் என்றேன். விலை கூடியதைத் தரையில் துளை போட்டு முடுக்க வேண்டும், கப்பியெல்லாம் தொங்குகிறது, அது மல்யுத்தம் பண்ணுகிறவர்களுக்கு. பிள்ளைகளுக்குக் காம்பஸ் வாங்கும்போது நான் என்ன சொல்வேன், நினைவிருக்கிறதா, பெட்டியின் படத்தைப் பார்க்காதே, திருகைப் பார், திருகு தளர்ந்தால் வட்டம் சேராது. அதேபோல நான் தண்டுகளைப் பார்த்தேன், பூட்டும் போல்ட்டைப் பார்த்தேன், தூணைப் பிடித்து நன்றாக உலுக்கினேன், கடைக்காரர் பதறிப்போய் "பாத்தும்மா" என்றார். பெயின்ட் சுமார், எடைத் தட்டுகள் சிமென்ட் ரொப்பிய பிளாஸ்டிக், அதிலெல்லாம் சிக்கனம் பண்ணலாம். தண்டில் பண்ணக்கூடாது.

பூட்டியதில் ஒரு கூத்து நடந்தது, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கூண்டோடு வந்த விளக்கத்தாளில் வரிக்கு ஒரு பிழை, எனக்குக் கை சும்மா இருக்குமா, சிவப்புப் பேனாவை எடுத்து முழுவதும் திருத்தினேன். திருத்தினேனே தவிர, படிக்கவில்லை. படுக்கப் போட்டுப் பூட்டினால் ஏணி வேண்டாம் என்று, பூட்டித் தர வந்த வெல்டரிடம் நானே சொல்லி, எல்லாம் முடுக்கி, அவரும் தையல்காரரும் நிமிர்த்தினார்கள். அப்பா நாற்காலியில் இருந்தபடி "வா, வா, வரட்டும், நில்லு, நில்லுய்யா!" என்று வண்டி பின்னால் எடுப்பதுபோலக் கத்துகிறார், மேல் மூலை போய்க் கூரையில் இடித்து நின்றுவிட்டது. உயரம் ஏழடி, ஆழம் நாலரை அடி, கூரை எட்டடி இரண்டு அங்குலம், நிமிர்த்தும்போது மூலைக்கு மூலை எட்டடி நாலு அங்குலம் வேண்டும். முப்பத்தொரு வருடம் கணக்கு வகுப்பில் முக்கோணத்துக்குக் கர்ணம் கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுத்தவள் நான். வெல்டர் விளக்கத்தாளைத் தூக்கிக் காட்டினார், "டீச்சர், நிக்க வச்சே பூட்டணும்னு போட்டிருக்கு, அதுக்குக் கீழ நீங்களே ஒரு கமா போட்டிருக்கீங்க." கழற்றி மறுபடி நிற்க வைத்துப் பூட்ட மாலையாகிவிட்டது. கூரையில் காரை பெயர்ந்த இடம் இருக்கிறது, நீ வரும்போது பார்த்துச் சிரித்துக்கொள். உன் கட்டிலை நடு அறைக்கு மாற்றியிருக்கிறேன், "என் ரூமையா?" என்று நீ கேட்டதற்கும் பதில் அதுதான்.

என் தம்பி, அதாவது உன் மாமா, வந்து பார்த்துவிட்டு "அக்கா, துணி காயப்போட நல்லா இருக்கும்" என்றான். மூன்று மாதமாகிறது, ஒரு துண்டுகூட அதில் தொங்கியதில்லை. வாரத்துக்கு மூன்று நாள், அப்பா வாசற்படிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கை போடுவார், வேண்டுமென்றே ஒன்றை விட்டுவிட்டு எண்ணுவார். வெறும் கம்பியில் தொடங்கினேன், இப்போது முப்பத்தைந்து கிலோ தோளில் வைத்து உட்கார்ந்து எழுகிறேன். ஒருநாள் அடியில் போய் எழவே முடியவில்லை, கம்பி மெதுவாகத் தண்டில் போய் உட்கார்ந்தது, நான் அதற்குக் கீழே தரையில் உட்கார்ந்தேன். "பிரேக் நல்லா பிடிக்குது டீச்சர்" என்றார் அப்பா. தண்டில் சிக்கனம் பண்ணாததன் அருமை அன்றைக்குத்தான் புரிந்தது.

இப்போது சொல்லப்போவதை நின்றுகொண்டு படிக்காதே, உட்கார். போன புதன்கிழமை மத்தியானம் அப்பா மறுபடி விழுந்தார், கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில். அடி இல்லை. நான் யாரையும் கூப்பிடவில்லை. வலிக்கிறதா என்று ஒவ்வொரு இடமாகக் கேட்டேன், பக்கவாட்டில் திருப்பினேன், நாற்காலியை முன்னால் போட்டு அதில் கை ஊன்றி வலது முழங்காலில் நிற்க வைத்தேன், பிடித்துத் தூக்கவென்றே அவர் இடுப்பில் கட்டியிருக்கும் பெல்ட்டைப் பிடித்தேன். முதல் தடவை நழுவிவிட்டது. இரண்டாவது தடவை நான் முழங்காலை மடக்கி முதுகை நேராக வைத்து, மூன்று எண்ணி எழுந்தேன், அவரும் எழுந்தார். எழுபத்தெட்டு கிலோவையும் நான் தூக்கினேன் என்று சொல்லமாட்டேன், பாதி அவர், பாதி நான், முன்பு என் பாதிதான் இல்லாமல் இருந்தது. ஆறு நிமிடம் ஆகியிருக்கும். கட்டிலில் உட்கார்ந்ததும் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டு, "கதவு சாத்தியிருக்கா?" என்றார். சாத்தியிருக்கிறது, யாரும் பார்க்கவில்லை என்றேன். அதன்பிறகுதான் தண்ணீர் கேட்டார்.

அன்று சாயங்காலமே இல்லத்துக்குப் போன் செய்து, அப்பாவுக்குச் சொல்லி வைத்த அறையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். "பொண்ணுகிட்ட கேட்டுட்டீங்களாம்மா?" என்று அந்த அம்மாள் கேட்டார், கடிதம் எழுதப்போகிறேன் என்றேன். நீ கோபப்படுவாய், படு. உன் பயம் எனக்குத் தெரியும், அது அன்பில் வந்தது என்பதும் தெரியும். என்னால் முடியாத நாள் ஒன்று வரலாம், அன்றைக்கு நானே உன்னைக் கூப்பிட்டுச் சொல்வேன், நீ தேதி குறிக்க வேண்டாம்.

பிள்ளைகளுக்கு என் முத்தம், மாப்பிள்ளைக்கு ஆசி. நீ நீண்ட ஆயுளும் குறையாத பலமுமாக இரு, வேலை வேலை என்று காலைச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. ஞாயிறு போன் செய்யும்போது முதலில் அப்பாவிடம் பேசு. புதன்கிழமை நடந்ததை நான் எழுதியது அவருக்குத் தெரியாது, உனக்கும் ஒன்றும் தெரியாது.

உன் மேல் உயிராக இருக்கும்,
அம்மா