இருபத்தோராவது சொட்டு

மாப்ள, இன்று வெள்ளிக்கிழமை. உன் வீட்டுக் கூடத்தில் நின்று, தொட்டித் தண்ணீரைச் சின்னக் குப்பியில் பிடித்து, சோதனை மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். மருந்து பட்டு ரோஸ் நிறமாகிற தண்ணீர் நீலமாக மாறும்வரை எண்ண வேண்டும். பீங்கான் கம்பெனி லேபில் பதினைந்து வருடமாக இதே வேலையைச் செய்கிற கைதான், ஆனாலும் இங்கே வாய்விட்டு எண்ணுகிறேன். எத்தனை சொட்டு என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.

விருத்தாசலத்தில் கடல் மீன் தொட்டி வைக்கிறேன் என்று துபாயிலிருந்து லீவில் வந்து நின்றாயே, தெருவே சிரித்தது. குடிக்கிற தண்ணீரே உப்புக் கரிக்கிற ஊரில் இவன் காசு கொடுத்து உப்புத் தண்ணீர் செய்கிறான் என்று நானும்தான் சிரித்தேன். சென்னைக் கடையில் வாங்கிய பவளத் துண்டு, சுண்டுவிரல் அளவுகூட இல்லை. அதைப் பாறை இடுக்கில் ஒட்டிவிட்டு, வெளிக் கண்ணாடியில் இரண்டு அங்குலம் மேலே மார்க்கரால் ஒரு கோடு போட்டாய்.

"மச்சான், நான் அடுத்த லீவுக்கு வரச்சொல்ல இது இந்தக் கோட்டத் தொட்டிருக்கணும். இது தனக்குத் தானே வூடு கட்டிக்குது. அதுக்குச் சுண்ணாம்புச் சத்து நாமதான் குடுக்கணும். சத்து சரியா இருந்தா இருபத்தொராவது சொட்டுலதான் நீலமாவும். கொறையவே கூடாது."

இரண்டு பாட்டில் கொடுத்தாய். கால்சியத்துக்கு 'காலை' என்றும், சோடா உப்புக்கு 'மாலை' என்றும் சீட்டு ஒட்டியிருந்தாய். பிறகு துபாய்க்குப் போய்விட்டாய்.

வெள்ளிதோறும் ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் போன் செய்வாய். முதலில் உன் மனைவி ரஹீமாவிடம் பேசுவாய். அப்புறம் என்னிடம், "எத்தினி சொட்டு?" கடைசியில், "ரிசீவரத் தொட்டிகிட்ட வை." இரண்டு நிமிடம் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாய். எட்டுப் பேர் படுக்கிற அறையில் இருந்துகொண்டு நீ உன் வீட்டுக்குள் வந்து போகிற வழி அதுதான் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் சொட்டு குறைந்துவிடுமோ என்று எனக்குப் பயம்.

ஐந்தாம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பதினேழாவது சொட்டிலேயே நீலம் வந்துவிட்டது. மறுபடி எண்ணினேன். பதினேழுதான். வெள்ளிக்குள் ஏற்றிவிட வேண்டும் என்ற ஒரே நினைப்பு. கம்பெனியில் களிமண் கூழ் கெட்டியானால் என்ன செய்வோம்? சோடாக் கரைசலை ஊற்றிக் கலக்குவோம். கூழ் இளகி ஓடும். சோடா எதையும் இளக்கிக் கரைக்கும் என்று ஊறிப்போன கை இது. காலை, மாலை என்று நீ பிரித்தது ஏதோ சௌகரியத்துக்கு என்று நினைத்தேன். ஒரு வாரத்து அளவை இரண்டு பாட்டிலிலிருந்தும் ஒன்றாக ஊற்றி, கையை விட்டுக் கலக்கினேன்.

தொட்டி முழுக்க வெள்ளையாகிவிட்டது, மாப்ள. எங்கள் கம்பெனிக் கூழேதான். மீன் தெரியவில்லை, பாறை தெரியவில்லை, பவளமும் தெரியவில்லை. சமையலறையிலிருந்து வந்து பார்த்த ரஹீமா, "அண்ணே, என்னாண்ணே இது?" என்று கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். மறுநாள் தண்ணீர் தெளிந்தபோது பாறையெல்லாம் மாவு பூத்திருந்தது. பவளம் இதழ்களை உள்ளிழுத்துக்கொண்டு வெறும் குச்சியாக நின்றது. சோதித்தேன். பதினான்கு. இரண்டும் சந்தித்தால் சுண்ணாம்பு கல்லாகி அடியில் இறங்கிவிடும் என்பது அப்போதுதான் உறைத்தது. பள்ளிக்கூடத்துப் பாடம். லேபில் சம்பளம் வாங்குகிறவனுக்கு அது மறந்துபோயிருந்தது.

வெள்ளிக்கிழமை போன் அடித்தது.

"எத்தினி சொட்டு மச்சான்?"

"இருபத்தொண்ணு."

"சரி. பூ விரியுதா?"

"ஜோரா விரியுது."

அதற்குப் பிறகு இரண்டு நாளுக்கு ஒரு தடவை, புது உப்புத் தண்ணீர் கரைத்து ஒரு பக்கெட் மாற்றினேன். ரஹீமா சுண்ணாம்பு படிந்த பம்பைக் கழற்றி வினிகரில் ஊறவைத்தாள். பதினைந்து. பதினாறு. ஷிப்ட் முடிந்ததும் சைக்கிளை நேரே உன் தெருவுக்கு விடுவேன். ஒவ்வொரு வெள்ளியும் நீ கேட்டாய், நான் இருபத்தொன்று என்றேன். நிஜமாகவே இருபத்தொன்று ஆகட்டும், அன்று எல்லாவற்றையும் சொல்லி உன்னிடம் திட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். பதினெட்டு வந்த வாரம் பவளத்தின் நுனியில் ஒரே ஒரு இதழ் எட்டிப்பார்த்தது. இன்னும் மூன்று சொட்டுதான்.

அந்த வாரம் போன் புதன்கிழமையே வந்தது. பேசியது உன் அறைக்காரர். மாரடைப்பு, தூக்கத்திலேயே போய்விட்டாய் என்றார். அங்கேயே அடக்கம் செய்தார்கள். உன் முகத்தைக்கூட நாங்கள் பார்க்கவில்லை.

நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்து எல்லோரும் போன பிறகு ரஹீமாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அவுங்களுக்குத் தெரியும்ணே. தண்ணி வெள்ளையான அன்னிக்கே பயந்துபோயி நான் போன் போட்டுச் சொல்லிட்டேன். சிரிச்சாங்க. 'பக்கெட் பக்கெட்டா தண்ணி மாத்துனா சரியாயிடும், அதயே அவன் செய்வான். நீ ஒண்ணும் கேக்காத, அவனே சொல்லட்டும்'னாங்க."

அப்படியானால் அத்தனை வெள்ளியும் நீ சொட்டைக் கேட்கவில்லை. நான் வாயைத் திறக்க இடம் விட்டுக்கொண்டிருந்தாய். நானோ வாராவாரம் உன்னிடம் பொய் சொன்னேன். இந்த வேதனை என்னை விட்டுப் போகாது, போகவும் வேண்டாம்.

பவளம் பிழைத்துக்கொண்டது. கோட்டுக்கு இன்னும் ஒரு நெல் அளவு பாக்கி இருக்கிறது. இரண்டு பாட்டிலும் இப்போது இரண்டு வேறு அலமாரியில் இருக்கின்றன. ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆ முடிகிற நேரத்துக்கு வந்து, சொட்டை எண்ணி, தொட்டிக்குப் பக்கத்தில் நின்று உரக்கச் சொல்கிறேன். கேட்க யாரும் இல்லை என்று தெரியும். ஆனாலும் கூட்டிச் சொல்ல நாக்கு எழுவதில்லை.

இன்றைக்கு இருபது, மாப்ள. இருபதுதான்.